உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு புள்ளி

1

நடந்ததற்காக எனக்கு ஒரு காபி இலவசமாகக் கிடைத்த அன்றுதான் இந்த யோசனை வந்தது.

இங்கிலாந்தில் ஸ்டோக் என்ற ஊரில் ஒரு டைல்ஸ் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலை எங்களுக்கு ஒரு காப்பீடு எடுத்துத் தந்திருக்கிறது. அந்தக் காப்பீட்டுக்காரர்கள் ஒரு கைக்கடிகாரத்தையும் கொடுத்து, போனில் ஒரு செயலியையும் ஏற்றச் சொன்னார்கள். நடந்தால் புள்ளி. லிஃப்டை விட்டுப் படியேறினால் புள்ளி. கடைக்குப் போய்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால்கூடப் புள்ளி. வாரம் முழுக்க ஓரளவு அசைந்துகொண்டே இருந்தால் சனிக்கிழமை தெருமுனைக் கடையில் ஒரு காபி. நம்மைப் பிழைக்க வைத்தால் அவர்களுக்கு லாபம், அவ்வளவுதான் கணக்கு. ஆனாலும் மழையில் நனைந்துபோய் அந்தக் காபியை வாங்கியபோது, என் கால்களுக்கு யாரோ முதன்முறையாகக் கூலி கொடுத்தது போல இருந்தது.

விருத்தாசலத்தில் செராமிக் படித்தவள் நான். எந்தக் கோப்பையைக் கொடுத்தாலும் கவிழ்த்து அடியில் எந்தக் கம்பெனி முத்திரை என்று பார்க்காமல் வைக்க முடியாது. ஸ்டோக்கும் நம் ஊரைப் போலப் பீங்கான் ஊர், இங்கேயும் பலருக்கு அந்தப் பழக்கம் உண்டு. அன்று கோப்பையில் மீதி இருந்ததை மறந்து கவிழ்த்துவிட்டேன். முழங்காலில் கொட்டிய காபியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று தோன்றியது: நடக்கக் கூலி கொடுக்கிறார்கள்! எங்கள் அண்ணனுக்கு வேண்டியது இதுதானே!

என் அண்ணன் செல்வம் விருத்தாசலம் ஜங்ஷனில் ஆட்டோ ஓட்டுகிறார். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். அப்பா போனபிறகு என்னைப் படிக்க வைத்தவர். அம்மா இப்போது பெண்ணாடத்தில் அக்கா வீட்டோடு இருக்கிறார்; விருத்தாசலம் வீட்டில் அண்ணனும் அண்ணியும்தான். அண்ணனுக்குச் சர்க்கரை. காலை முதல் இரவு வரை உட்கார்ந்தே வாழ்கிற தொழில். பெட்டிக்கடைக்குப் போவதென்றால்கூட வண்டியைக் கிளப்புவார். டாக்டர் "நட" என்றார். அண்ணி "நடங்க" என்றார். அண்ணன் சொன்ன பதில் எப்போதும் ஒன்றுதான்: "நான் நடந்தா ஆட்டோ எதுக்கு இருக்குது? அதுக்குக் கோவம் வராதா?"

2

அன்றைக்கே கூப்பிட்டேன். எனக்கு ஒரு யோசனை வந்துவிட்டால் ஆறப்போட வராது.

"நடந்தா புள்ளி குடுப்பியா? புள்ளிய வெச்சி இன்னா பண்றது பாப்பா, கஞ்சி காச்சறதா?"

"புள்ளி சேந்தா பரிசுண்ணா. மொதல்ல ஆட்டோவுக்குப் புது சீட் கவரு. அதுக்கு மேல சேந்தா ஸ்பீக்கரு."

"எந்த ஸ்பீக்கரு?"

பின்னாலிருந்து அண்ணி வசந்தியின் குரல் கேட்டது. "நான் வருசக்கணக்கா கத்தறேன், அசையல. ஸ்பீக்கருன்னதும் செருப்பத் தேடறாரு பாரு!"

ஊருக்குப் போன தோழி ஒருத்தியிடம் ஒரு கடிகாரம் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். விதிகளை நானே எழுதினேன். காலையில் வீட்டிலிருந்து மணிமுத்தாற்றுப் பாலம் வரை போய்த் திரும்பினால் இவ்வளவு. மாலையில் சவாரி இல்லாத நேரம் ஸ்டாண்டைச் சுற்றினால் இவ்வளவு. வீட்டுக்குக் காய்கறி நடந்தே வாங்கி வந்தால் அண்ணியின் சாட்சியத்தோடு கூடுதல். எனக்கு மதிய உணவு இடைவேளை, அங்கே மாலை. அந்த நேரத்தில் வீடியோவில் கணக்கு ஒப்பிக்க வேண்டும்.

உண்மையிலேயே நடந்தார்! ஒரே மாதத்தில் சீட் கவரை வென்றார். மெரூன் நிறம், ஓரத்தில் மஞ்சள் தையல். அதைக் காட்டுவதற்காகவே ஸ்டாண்டில் ஒவ்வொருவராக வண்டியில் ஏற்றி உட்கார வைத்தாராம். பக்கத்து ஆட்டோக்காரர் காதர் பாய் அண்ணனின் இருபது வருடச் சிநேகிதர். போனைப் பிடுங்கிப் புகார் சொன்னார்.

"தங்கச்சி, ஒங்கண்ணன் தொல்ல தாங்கல. ரோட்டோரமா வேகு வேகுன்னு போறாரு. 'யோவ் தொர, ஏறு, எறக்கி வுடறேன்'னா மொறைக்கிறாரு. ஆட்டோக்காரன் நடந்து போனா ஜனங்க நம்மளப் பத்தி இன்னா நெனைக்கும்?"

"நீயும் நட பாய். பாப்பாகிட்ட சொல்லி ஒனக்கும் புள்ளி வாங்கித் தரேன்."

"எனக்கு மேல ஒருத்தன் புள்ளி போட்டுனு இருக்கான்யா. அது போதும்."

இன்னொரு மாலை. அண்ணன் நடந்துகொண்டே பேசுகிறார், ஸ்டாண்டு நெருங்குகிறது, காதர் பாயின் குரல் தூரத்திலிருந்தே வருகிறது.

"யோவ் செல்வம்! ஒரு கால் செருப்பு எங்கய்யா?"

அண்ணன் குனிந்து பார்த்தார். போனும் குனிந்தது. இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுமையாகத் தார் ரோட்டில்.

"அட! எங்க கழண்டுதுன்னே தெரில பாப்பா."

"புள்ளி புள்ளின்னு செருப்பையே தொலைச்சிட்டு வராரு மனுசன்" என்றார் காதர் பாய்.

மூன்று பேரும் சிரித்தோம். சாப்பாட்டு மேசையில் நான் சிரித்த சிரிப்பில், என்னோடு வேலை செய்யும் லிண்டா என்ன விஷயம் என்று எட்டிப் பார்த்தாள். ஒருவன் தன் செருப்பை ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்தான் என்று சொன்னேன். அவளும் சிரித்தாள்.

3

என் அன்றாடம் இப்படி. விடியும் முன்பே எழுந்து, கால்வாய் ஓரப் பாதையில் தொழிற்சாலைக்கு நடை. உள்ளே போனதும் சுட்டு வந்த டைல்ஸ் மாதிரிகளை வரிசையாக வைத்து, மெருகுப் பூச்சில் முடிபோல விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பது. லிண்டா என்னை "டக்" என்று கூப்பிடுவாள். இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் வாத்து என்றுதான் கூப்பிடுகிறார்கள், பாசமாக. முதல் வாரம் முழுக்க என் நடையைத்தான் கேலி செய்கிறாள் என்று நினைத்து, கண்ணாடி முன்னால் நடந்து பார்த்தேன். காலையில் "ஆல் ரைட்?" என்பாள். ஆரம்பத்தில் நின்று நிதானமாகப் பதில் சொல்வேன்: தலைவலி, தூங்கவில்லை, அண்ணி போன் செய்தார். அவள் கோட்டைக் கழற்றியும் கழற்றாமலும் நின்று கேட்பாள், பாவம். அது கேள்வியே இல்லை, வணக்கம் மாதிரி என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. இப்போது "யெஸ், யூ?" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போகக் கற்றுக்கொண்டேன்.

கால்வாய்ப் பாதையில் மழை பெய்து மண் கரைந்தால் உடைந்த பீங்கான் துண்டுகள் தலை காட்டும். நீலக்கோடு போட்ட தட்டின் ஓரம், கோப்பையின் காது. இந்த ஊர்க்காரர்கள் தலைமுறைகளாக உடைந்ததையெல்லாம் மண்ணில் கொட்டி மூடியிருக்கிறார்கள். ஒருநாள் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

"அங்கயும் நம்மள மாதிரி ஆளுங்கதானா!"

அந்தச் சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு பீங்கான் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு மண் தெருவில் இருக்கிறது. மழை வந்தால் ஆட்டோ சக்கரம் பாதி புதையும். பட்டறைகளில் சூளை பிரிக்கும்போது கோணலாகவும் விரிசலாகவும் வருபவை மலையாகக் கிடக்கும்: ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, கை போன பொம்மை. இரண்டு மழைக்காலம் முன்பு அண்ணன் அவற்றை மூட்டை மூட்டையாகத் தன் ஆட்டோவிலேயே ஏற்றி வந்து, பள்ளங்களில் கொட்டி, சம்மட்டியால் இடித்துச் சமன் செய்தார். தெருவே சேர்ந்து செய்தது. அதற்குப் பிறகு ஒரு சக்கரமும் புதையவில்லை. மழை விட்டு வெயிலடித்தால் தெரு பளபளக்கும். "ஃபாரின்லகூட பீங்கான்ல ரோடு கெடையாது தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, ஃபாரினிலும் இருக்கிறது என்று நான் காட்டியதில் பெருமைதான் கூடியது.

அந்தச் சமயத்தில்தான் சொன்னார், கிருத்திகைக்குக் கிருத்திகை கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நடந்தே போகப்போவதாக. நம் ஊர்க்காரர்களுக்குக் கொளஞ்சியப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட்டுப் படி ஏறாதவர்கள்கூட ஒரு தடவையாவது குறையைச் சீட்டில் எழுதி அந்த முருகனிடம் பிராது கட்டியிருப்பார்கள். கோயில் ஊரைத் தாண்டி மணவாளநல்லூரில் இருக்கிறது. அண்ணனோ இதுவரை சவாரி ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நின்றபடியே கும்பிட்டுத் திரும்பிய மனிதர்.

"ஸ்பீக்கருக்காகவா சாமியா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும்தான். ஆனா செருப்பில்லாம. சாமிக்கு நடக்கறவன் செருப்பு போட்டுனா போவான்?"

வீட்டு வாசலில் இறங்கும்போதே வெறுங்கால். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. உடனே ஒரு புது விதி போட்டேன்: கோயில் நடைக்கு இரட்டைப் புள்ளி. கிருத்திகை மட்டுமல்ல, அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளிலும் போக ஆரம்பித்தார். கடிகாரத்தின் வரைபடம் என் போனில் மேலே மேலே ஏறியது.

4

அண்ணி எனக்கு வேலை நேரத்தில் போன் செய்ததே இல்லை. அன்று தேநீர் இடைவேளையில் கூப்பிட்டார்.

"பாப்பா, வேலையில இருக்கியா?"

"சொல்லுங்க அண்ணி."

"ஒண்ணுமில்ல… வூடு பெருக்கனேன். தரையில வட்ட வட்டமா ஈரம். தண்ணி கொட்டிட்டாரு போலன்னு தொடச்சேன். மறுபடியும் இருந்திச்சி. ஒரு மாதிரி வாட வேற. காலக் காட்டுங்கன்னா காட்ட மாட்டேங்கிறாரு. புடிச்சித் தூக்கிப் பாத்தா அடியில ஓட்ட பாப்பா. உள்ள வெள்ளையா இன்னாமோ மின்னுது. எலும்புன்னு நெனச்சி அலறிட்டேன்."

"அண்ணி…"

"எலும்பு இல்ல. பீங்கான். நம்ம தெருவு பீங்கான். அதோடவே நடந்துனு இருந்துருக்காரு."

"வலிக்கலையாமா?"

"வலிக்கலையாம். கேட்டா சிரிக்கிறாரு."

பின்னால் அண்ணனின் குரல் கேட்டது. "ஒரு சில்லுக்கு எதுக்கு அவளுக்குப் போன் போடற? குடு இப்டி." போன் கை மாறியது. "பாப்பா, அவ பயந்துட்டா, வேற ஒண்ணுமில்ல. நேத்து கோயிலுக்குப் போனனே, ரெட்டைப் புள்ளி ஏறிடுச்சா? பாத்தியா?"

ஏறியிருந்தது. நான் பார்த்திருந்தேன். காலையில் வாழ்த்துச் சொல்லி ஒரு பூங்கொத்துப் படமும் அனுப்பியிருந்தேன்.

5

விருத்தாசலத்து மருத்துவமனையிலிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். காதர் பாய்தான் கூடவே போனார். வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். சீழ் மேலே ஏறாமலிருக்க அதைத் தவிர வழியில்லை என்றார்கள்.

அங்கிருந்த மருத்துவர், ஓர் இளம் பெண், காதர் பாயின் போனில் என்னோடு பேசினார். என் வயதுதான் இருக்கும். "இதுக்கு முன்னாடி எப்பவாவது செருப்பு கழண்டது தெரியாம நடந்திருக்காரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

"அப்பவே கால்ல உணர்ச்சி போயிருக்கு. சர்க்கரை உள்ளவங்களுக்கு அதான் மொத அடையாளம். நடக்கறது நல்லதுதான். காலப் பாத்துட்டு நடக்கணும், அவ்வளவுதான்."

அவர் திட்டவில்லை. தினமும் பலருக்குச் சொல்லிச் சலித்த குரல். நன்றாகச் சுட்ட பீங்கான் உடைந்தால் அதன் விளிம்பு கண்ணாடி போல வெட்டும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். அந்தத் தெருவில் வெறுங்காலோடு இறங்குகிற மனிதரை எத்தனையோ மாலைகள் வீடியோவில் பார்த்தேன். என் கண் காலில் இல்லை, புள்ளியில் இருந்தது. அண்ணன் கண்ணும் அங்கேதான். காதர் பாயின் கண்ணும். கிண்டல் செய்தவர்களும் ஊக்கம் கொடுத்தவளும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உடனே கிளம்பலாம் என்றால் என் விசா நீட்டிப்பு விண்ணப்பம் அப்போதுதான் போயிருந்தது. முடிவு வரும் முன்பு நாட்டை விட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். விசா போனால் வேலை போகும். உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். நீண்ட நேரம் இசை கேட்டது. பிறகு ஒரு மரியாதையான குரல், இணையதளத்தில் உள்ள அதே வாக்கியத்தைப் படித்துக் காட்டியது. உடன்பிறந்தவரின் கால் என்றேன். "புரிகிறது" என்றது குரல். மறுபடியும் அதே வாக்கியத்தைப் படித்தது.

அண்ணனிடம் சொன்னபோது அவர்தான் என்னை அதட்டினார். "வராத. நீ வந்தா வெரலு மொளைக்குமா? விசாவும் போயி வெரலும் போயி ரெண்டு பேரும் ஜங்ஷன்ல ஒக்காந்துனு இருக்கணும்."

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். லிண்டா எதிரே வந்தாள். "ஆல் ரைட், டக்?"

"யெஸ், யூ?" என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தேன். கோட்டை மாட்டும் இடத்துக்குப் போன பிறகுதான் நான் சொன்னது என் காதில் விழுந்தது. இவ்வளவு நன்றாக இந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டிருக்க வேண்டாம்.

6

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். புண் இன்னும் மூடவில்லை. அது மூடும்வரை வலது கால் தரையில் படக்கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. பட்டால், ஊன்றினால், நடந்தால், அடுத்து எடுப்பது விரலாக இருக்காது என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நடக்கவே மாட்டேன் என்றவரை நடக்க வைத்தாயிற்று. இப்போது அவரை உட்கார வைக்க முடியவில்லை.

அண்ணி சொல்கிறார்: "கண்ணு மறைஞ்சா போதும், நொண்டினே வாசலுக்குப் போயிட்றாரு. நேத்து வண்டியில ஏறி ஒக்காந்து சும்மாவே ஸ்டாட் பண்ணிக் கேக்கறாரு. சாவிய எடுத்து அரிசி டப்பாவுல போட்டுட்டேன்."

கடிகாரம் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது. கழற்றச் சொன்னேன், மறுத்துவிட்டார். ரொம்ப நேரம் அசையாமலிருந்தால் அது உறுமும், எழுந்து நடக்கச் சொல்லும். "ஒன் வாட்ச்சு என்ன எந்திரின்னுது, ஒங்கண்ணி ஒக்காருன்னுறா. நான் யாரு பேச்சக் கேக்கறது?" என்று சிரித்தார். அந்த உறுமலை எப்படி நிறுத்துவதென்று அண்ணிக்குப் படிப்படியாகச் சொல்லி நிறுத்த வைத்தேன்.

என் செயலியும் என்னைத் தேடியது. அண்ணனுக்கு அடிபட்டதிலிருந்து நான் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன். நடக்கத் தோன்றவில்லை. "உங்களைச் சில வாரங்களாகக் காணோம்" என்று எழுதி, காரணம் கேட்டது. விடுமுறை, உடல்நலக் குறைவு, வேலைப்பளு. மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். போனை மூடி வைத்தேன்.

ஆனால் என் மூளை சும்மா இருக்கிற மூளை இல்லை. முந்தாநாள் மதியம் அண்ணனைக் கூப்பிட்டுப் புது விதிகளைச் சொன்னேன். பழைய புள்ளிகள் அப்படியே இருக்கும். இனி வலது கால் தலையணை மேல் இருக்கும் ஒவ்வொரு மணிக்கும் புள்ளி. உட்கார்ந்தபடியே தண்ணீர் பாட்டிலைக் கையால் தூக்கி இறக்கினால் புள்ளி. தினமும் சாயங்காலம் அண்ணி கண்ணாடி வைத்து இடது பாதத்தின் அடியைப் பார்த்தால் இருவருக்கும் புள்ளி. அந்தப் பாதத்திலும் உணர்ச்சி குறைவுதான், அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

"ஒக்காந்து இருக்கறதுக்குக் கூலியா?" என்றார் அண்ணன். "இத மொதல்லயே குடுத்திருந்தா நான் லட்சாதிபதி பாப்பா."

அவர் சொல்லிவிட்டு உடனே வருந்தியது தெரிந்தது. "ஒன்னச் சொல்லல. நான் நடந்த நாளுங்க நல்லா இருந்துச்சி. பாலத்துல காலங்காத்தால காத்து வரும். அதெல்லாம் நான் வண்டியில போயி பாத்ததே இல்ல."

பரிசைப் பற்றிப் பேசினால் தேவலை என்று, "ஸ்பீக்கரு இந்த மாசமே வாங்கிடலாமா?" என்றேன்.

"வேணாம். வண்டியே நிக்குது, பாட்டு யாருக்கு?"

"அப்ப வேற என்ன வேணும்? சொல்லுண்ணா."

யோசித்தார். அண்ணி பக்கத்தில் ஏதோ சொன்னார், கையசைத்து நிறுத்தினார்.

"நீ இப்ப நடக்கறியா?"

"இல்ல."

"நெனச்சேன். நீ நட. போன புடிச்சிக்கினு நட, நான் பாக்கறேன். நான் சொல்ற பக்கம்தான் திரும்பணும். லெஃப்டுன்னா லெஃப்டு. சரியா?"

"எங்க போவணும்?"

"ஸ்டேஷனுக்கு. அங்க வண்டிக்காரங்க எங்க நிக்கிறாங்கன்னு பாக்கணும். சவாரிக்கு அடிச்சிக்கறாங்களா, வரிசையா நிக்கிறாங்களான்னு பாக்கணும்."

ஸ்டோக் ரயில் நிலையத்தின் வாசலில் டாக்சிகள் நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். யார் ஓட்டுகிறார்கள், காத்திருக்கும்போது என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

நாளைக்குத்தான் முதல் நாள். நான் வேலைக்குக் கிளம்பும் நேரம், அங்கே சமையல் முடிந்து அண்ணி சற்று உட்காரும் நேரம். முதலில் அண்ணன் தன் காலைக் காட்ட வேண்டும். அது தலையணை மேல் இருப்பதைப் பார்த்த பிறகே நான் கதவைத் திறப்பேன். வழியில் அவர் எழுந்துவிட்டால் அண்ணி சொல்ல வேண்டும், அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன். புண் எப்போது மூடும் என்று யாரும் சொல்லவில்லை. மூடுமா என்றுகூட இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. மழை வரும் என்கிறார்கள், ஒரு கையில் குடை பிடிக்க வேண்டியிருக்கும். "போதும், நில்லு" என்று அவர் சொல்கிற தூரம் வரை நடந்து பார்க்கப்போகிறேன்.